பவர் பெட்டியோடு ஜெனிவாவுக்கு

ஜெனிவா விமான நிலையத்தில் என்னை விட்டுவிட்டார்கள். என் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

சூட்கேஸில் இருந்த சேலைகளையும் சேவுப் பொட்டலத்தையும் பார்த்துச் சிரித்த சுங்க அதிகாரி, அடியில் பழைய துண்டில் சுற்றியிருந்த தகரப் பெட்டியைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பின்பக்கம் ஒரு குட்டி விசிறி, வால் மாதிரித் தொங்கும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஒயர்கள். குண்டு என்று நினைத்திருப்பார். இது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, நானே செய்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். நாயைக் கூட்டிவந்தார்கள். நாய் சேவைத்தான் மோந்து பார்த்தது. அதற்கப்புறம் ஒரு தாளை நீட்டினார். வணிக மாதிரிப் பொருளாம். வரியோ முன்பணமோ கட்டினால்தான் வெளியே விடுவார்களாம். அதை வாங்கும் ஆள் வியாழக்கிழமைதான் வருவாராம். அன்று செவ்வாய்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மாதிரிப் பெட்டிக்கு எந்த நாட்டிலும் வரி இருக்கக் கூடாது என்று பேசிக்கொண்டிருப்பதே அந்த ஊரில்தான். அதைச் சொன்னேன். அவர் மரியாதையாகப் பதில் சொன்னார்: "அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, மேடம்."

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் அது. பாளையம்பட்டியில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. மதுரையில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஆரம்பித்தது. பதினான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். பாதிப் பேர் திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். மிளகாய்க் காட்டிலும், விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்திலும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். இப்போது கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடுகு அளவு ஈயத்தை உருக்கிப் பொட்டு வைத்துச் சிப்புகளை ஒட்டினார்கள்.

அருப்புக்கோட்டைக் கரண்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு எங்கள் பெட்டியின் அருமை தெரியும். சாயங்காலமானால் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிச் செத்துப்போகும். வெளிநாட்டுப் பவர் பெட்டிகள் அந்தக் கரண்டில் ஒரு மாதம் தாங்காது. இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது வந்தாலும் எங்கள் பெட்டி ஓடும். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டி விற்பவர்கள் எங்களிடம் வாங்கினார்கள்.

ஒருநாள் மதுரைக் கடைக்காரர் அடுத்த ஆர்டர் கிடையாது என்று போனில் சொன்னார். கம்ப்யூட்டருக்கும் அதன் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் எல்லா நாட்டுக்காரர்களும் சேர்ந்து வரியை எடுக்கப் போகிறார்களாம், வெளிநாட்டுப் பெட்டி பாதி விலைக்கு வருமாம். வரட்டும், போட்டி போடலாம். ஆனால் பெட்டிக்குள் நான் சுற்றுகிற செம்புக் கம்பிக்கு வரி உண்டு. கம்பியைச் சுற்றும் காந்தக் கட்டைக்கு வரி உண்டு. மேலே மூடும் தகரத்துக்கு வரி உண்டு. வரியை எடுக்கப்போகும் சாமான்களின் பட்டியலில் அவை எதுவும் இல்லை. முழுப் பெட்டியாக இறக்கினால் வரி கிடையாது. துண்டு துண்டாக வாங்கி இங்கே செய்தால் உண்டு. இங்கே செய்யாதே என்று இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

தென் மாவட்டத்தில் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். டெல்லிக்கு மூன்று மனு போட்டோம். மூன்றாவதற்குப் பதில் வந்தது: உங்கள் சார்பில் ஒருவர் சொந்தச் செலவில் ஜெனிவாவுக்கு வந்தால், நம் நாட்டுக் குழு அவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கும், புதன்கிழமை காலை. குவைத்தில் இருக்கும் அக்காளைப் பார்க்கப் போய்வந்ததால் என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. அதுதான் என் தகுதி.

எங்கள் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த கடிதத்தால் கன்னியர் மடத்து விடுதியில் இடம் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாடு ஒரு துண்டு ரொட்டி, வாடை அடிக்கும் பாலாடைக்கட்டி, உப்பில்லாத உருளைக்கிழங்கு. ரொட்டி கத்திக்கே மசியவில்லை. சேவை உடைத்து உருளைக்கிழங்கின் மேல் தூவிச் சாப்பிட்டேன். எதிரே இருந்த போர்த்துக்கல் நாட்டுக் கிழட்டுக் கன்னியாஸ்திரி கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். அந்த ஊரில் என்னிடம் எதையாவது கேட்ட முதல் ஆள் அவர்தான்.

புதன்கிழமை காலை ட்ராமில் ஏறினேன். நம்பர் சரி. திசை தப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாரும் இறங்கினார்கள். பார்த்தால் பிரான்ஸ் நாட்டு எல்லைச் சாவடி. போலீஸ்காரர் பாஸ்போர்ட் கேட்கிறார். நம் ஊரில் நரிக்குடி பஸ்ஸில் தப்பாக ஏறிப் பாருங்கள். டிக்கெட் கொடுக்கும்போதே கண்டக்டர் கேட்பார், முன் சீட்டுக்காரி கேட்பாள், எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, என்ன விசேஷம் என்று. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் உங்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட மாட்டார்கள்.

திரும்பி வந்து, ஏரிக்கரையில் நாடுகள் கூடி வரிப் பேச்சு நடத்தும் பெரிய கட்டடத்துக்குள் போனபோது நாற்பது நிமிடம் தாமதம். குழுவின் தலைமை அதிகாரி வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார் அவருடைய செயலாளர். தப்பு என் மேல், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் "வெள்ளிக்கிழமை" என்று சொன்னபோது நோட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. என்றைக்கு வந்தாலும் ஒன்றுதான் என்பது மாதிரி இருந்தது அந்தக் குரல்.

நடைபாதையில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். மெட்ராஸ்காரர். நல்ல கம்பளிக் கோட்டு. சாஃப்ட்வேர் கம்பெனிகளின் சார்பில் வந்திருந்தார். குழுவோடு ஒரே ஹோட்டலில் தங்கியிருந்தார். காபி வாங்கிக் கொடுத்தார். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கவலைப்படாதீர்கள், டெக்னாலஜி துறையின் குரல் இந்த முறை நன்றாகவே கேட்டிருக்கிறது என்றார். முன்பெல்லாம் விவசாயத்தையும் துணியையும் பற்றித்தான் பேசுவார்களாம். இந்தத் துறையை யாரும் மதிக்கவே மாட்டார்களாம். பல வருஷம் போராடித்தான் இந்த மேசையில் இடம் வாங்கியிருக்கிறார்களாம்.

அப்படியானால் பவர் பெட்டியைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

நம் சாஃப்ட்வேர் வெளியே போக வேண்டுமென்றால் அவர்கள் சாமான் உள்ளே வரத்தானே வேண்டும் என்றார் அவர். கம்ப்யூட்டர் விலை குறைந்தால் நாட்டுக்கே நல்லது. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்கும் சேர்த்து வரியை எடுக்கச் சொல்லியிருக்கலாமே? அது எங்களுடைய விஷயம் இல்லையே என்றார்.

"டெக்னாலஜி துறை சார்பா வந்திருக்கேன்னு சொன்னீங்க. அப்ப நாங்க எந்தத் துறை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சிறுதொழில்ல வருவீங்க மேடம்," என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நாங்கள் பதினைந்து பேர் ஈயப் புகையில் கண் எரிய உட்கார்ந்து செய்கிற பெட்டி டெக்னாலஜி. அதைச் செய்கிற நாங்கள் டெக்னாலஜி இல்லை.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்குப் போய், முன்பணம் கட்டிப் பெட்டியை மீட்டேன். ஊருக்குத் திரும்பும்போது காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். திருடனிடம் பிடிபட்ட பிள்ளையை மீட்ட மாதிரி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அன்று எனக்கு வேறு வேலை இல்லை. அதிகாரி வந்தால் கண்ணில் படலாம் என்று அந்தக் கட்டடத்தின் கேண்டீனில் போய் உட்கார்ந்தேன். அங்கே சூப் என்பது வெந்நீரில் காரட் குளித்துவிட்டுப் போன தண்ணீர்.

தட்டு எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றார். "அக்கா, நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் நடேசன். நாற்பது வயதிருக்கும். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து ஆறு வருஷமாகக் கோப்பை கழுவுகிறார். அவருடைய பகல் சாப்பாட்டு டப்பாவில் இருந்த சோறும் பருப்பும் சம்பலும் பாதிக்கு மேல் எனக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக் காட்டினேன். விசிறியைச் சுற்றிப் பார்த்தார், ஒட்டுகளைப் பார்த்தார். யார் ஒட்டினது என்று கேட்டார். ராக்கு என்றேன். பள்ளிக்கூடம் போகாதவள், கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது பட்டறையில் அவள் கைதான் முதல் கை. வடிவான வேலை என்றார். சுங்கக்காரரும் மெட்ராஸ்காரரும் சேர்ந்து கொடுத்த எரிச்சல் அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் அடங்கியது.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். ஒரு சின்ன அறை. தலைமை அதிகாரி, செயலாளர், இன்னும் இரண்டு பேர். தலைமை அதிகாரி டெல்லியில் பெரிய பதவியில் இருப்பவர், குரல் மெதுவானது. முதலில் ஒரு தாளில் பெயர், ஊர், சங்கம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பெட்டியை மேசைமேல் வைத்தேன். கம்பி, கட்டை, தகரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். ஒன்று இவற்றுக்கும் வரியை எடுங்கள், இல்லை என்றால் முழுப் பெட்டிக்கு ஐந்து வருஷம் அவகாசம் வாங்கித் தாருங்கள், அதற்குள் நாங்கள் எப்படியாவது தலையெடுத்துக்கொள்வோம் என்றேன். தயாரித்துவைத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். மிகவும் பயனுள்ள கருத்து என்றார். கை கொடுத்தார்.

வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகக் கேண்டீனுக்குப் போய், வந்த காரியத்தை நடேசனிடம் அப்போதுதான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், அவகாசம் கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றேன்.

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். எந்தச் சாமான்களின் பட்டியல் என்று கேட்டார். கம்ப்யூட்டர்ச் சாமான் என்றேன்.

"அக்கா, அது திங்கட்கிழமை முடிஞ்சுபோச்செல்லோ. எல்லா நாட்டுக்காரரும் இஞ்சைதான் நிண்டு வைன் குடிச்சவை. உங்கட ஆக்களும் நிண்டவை. நான்தான் கிளாஸ் கழுவினனான்."

திங்கட்கிழமை நான் இன்னும் நாட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை. மதுரையில் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி மாடி ஏறினேன். அதிகாரி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பட்டியல் திங்கட்கிழமையே கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆமாம், நம் பட்டியல் கொடுத்தாகிவிட்டது, ஆனால் தொழில்துறையின் கருத்துகளைக் கேட்டுக்கொள்வது எங்கள் கடமை என்றார்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். எதிர்காலத்துக்கு என்றார்.

இங்கிலீஷில் எனக்குக் கோபப்படத் தெரியாது. அந்த மொழியில் நான் படித்ததெல்லாம் சர்க்யூட்டும் விடுப்பு விண்ணப்பமும்தான். வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னேன்: "செத்த வீட்டில் வந்து நாடி பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள், ஐயா. அதற்கு என்னை ஏழு கடல் தாண்டி வரவழைத்தீர்கள்." அவர் முகம் சிவந்தது. வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

சனிக்கிழமை விமானம். ஏரி, பனி மூடிய மலை என்று அந்த ஊரைப் பற்றி எல்லாரும் எழுதுவதெல்லாம் நிஜம்தான். இருந்தது. நான் பார்க்கவில்லை.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை பஸ். காரியாபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் உடைமரம், வெடித்த கரிசல், தண்ணீர் வற்றிய கண்மாயில் ஆடுகள். ஐந்து நாள் ஈரக் குளிரில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்த வறட்சி உறைத்தது. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். போன காரியம் ஆச்சா என்றார். இல்லை என்றேன். மேற்கொண்டு கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பட்டறையில் பதினான்கு பேரையும் உட்காரவைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ராக்குதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யாரைக் கேட்டு முடிச்சாகளாம்?"

"கேக்க வேண்டியவுகளைக் கேட்டாச்சுன்னு சொல்றாக."

"அப்ப நம்ம கேக்க வேண்டியவுக இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஆறு மாதத்தில் ஆர்டர் பாதியானது. ஆறு பேர் நூல் மில்லுக்குப் போனார்கள். ராத்திரி ஷிஃப்ட், பஞ்சுத் தூசி. மீதிப் பேரை வைத்துக்கொண்டு விசைத்தறிகளுக்கான கண்ட்ரோல் பெட்டி செய்யத் தொடங்கினேன். வரியில்லாமல் வந்து எங்கள் கரண்டில் கருகிப்போன வெளிநாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையும் வந்தது. அதில் வாழ்ந்தோம். நன்றாக வாழ்ந்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் டெல்லியிலிருந்து ஒரு கனத்த தபால். அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய அறிக்கை, வழவழப்பான தாளில். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: சிறுதொழில் உள்ளிட்ட தொழில்நுட்பத் துறையின் எல்லாப் பிரிவினரையும் கலந்தாலோசித்த பிறகே நாட்டின் பட்டியல் இறுதி செய்யப்பட்டது. பின்னிணைப்பில் கலந்தாலோசிக்கப்பட்டவர்களின் பெயர்கள். அதில் என் பெயர். ஊர் பாளையம்பட்டி. பட்டியல் போனபின் நான்கு நாள் கழித்து வெள்ளிக்கிழமை நான் போட்ட கையெழுத்து, பட்டியலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. பேசவிடாமல் வாயை மூடியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பேசவிட்டு, அந்தப் பேச்சை எடுத்து எங்களுக்கு எதிராகவே சாட்சி வைத்துவிட்டார்கள். பெயரை நீக்கச் சொல்லி எழுதினேன். அச்சாகிவிட்டதால் திருத்த இயலாது என்று பதில் வந்தது.

பின்னிணைப்பில் இருந்த மற்றச் சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் ஒவ்வொருவராகக் கடிதம் எழுதினேன். உங்களைக் கேட்டார்களா, எப்போது கேட்டார்கள் என்று. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், தான் ஒரு கண்காட்சியில் டீ குடித்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று எழுதினார். ஓசூர்க்காரர், தான் போன கூட்டம் ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் பிந்தியது என்று அழைப்பிதழையே அனுப்பிவைத்தார். பதில் போட்ட ஒருவரையும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை.

சில மாதம் கழித்து, மதுரையில் ஒரு கலந்தாலோசனைக் கூட்டம் என்று அழைப்பு வந்தது. அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தைக்காம். போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாம் போகவில்லை என்றால் அதையே சம்மதம் என்று எழுதிவிடுவார்கள் என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னார். அதனால் எனக்குப் பதில் எழுதிப்போட்ட எல்லாரையும் வரச் சொன்னேன். பட்டறையிலிருந்து ராக்குவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஹோட்டல் ஹால். முப்பது பேருக்கு மேல். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி புது ஆள், நம் ஊர்ப் பக்கத்துக்காரர், தமிழில் வணக்கம் சொன்னார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டுக்குப் பின்னாலேயே வருகைப் பதிவேடும் வந்தது. முதல் நாற்காலியில் இருந்தது ராக்கு. கையெழுத்து அவளுக்குத் தெரியும், பட்டறையில் கற்றுக்கொண்டாள். பதிவேட்டைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"சார், போன தடவ இவுக கையெழுத்த வாங்கி, இவுகளக் கேட்டுத்தான் வரிய எடுத்தம்னு எழுதிட்டீக. இவுக கம்பிக்கும் சேத்து எடுங்க, இல்லன்னா இப்ப எடுக்காதீகன்னு கேட்டவுக. இந்தத் தடவ லிஸ்ட்ட மொதல்ல காட்டுங்க. நாங்க பேசுறதப் பேசிருறோம். நீங்க அதை எழுதி வாசிச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா பொறவு கையெழுத்துப் போடுறோம்."

அதிகாரி சிரிக்க முயன்றார். இது வெறும் வருகைப் பதிவுதானேம்மா, எல்லாக் கூட்டத்திலும் உண்டு என்றார். ராக்கு கையெழுத்துப் போடாமலே பதிவேட்டை எனக்குக் கொடுத்தாள். நான் கோயம்புத்தூர்க்காரரிடம் கொடுத்தேன். அவர் ஓசூர்க்காரரிடம். எங்களுக்குச் சம்பந்தமில்லாதவர்கள்கூடப் பேனாவைத் திறந்துவிட்டு, பக்கத்து ஆளைப் பார்த்து மறுபடி மூடினார்கள். வரிசை வரிசையாகப் போய்ப் பதிவேடு மேடைக்குத் திரும்பி வந்தது.

அதிகாரி அதைப் பிரித்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். ஒரு பெயரும் இல்லை. மூடிவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் வரைவுப் பட்டியலை டெல்லியிலிருந்து ஃபாக்ஸில் அனுப்பச் சொல்லுமாறு சொன்னார். மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்றார் அவர்.

நாங்கள் எழுந்து போகவில்லை. உட்கார்ந்திருந்தோம்.